பெல்லினா மழைக்காட்டுச் செடி என்றால் எப்போதும் ஈரமாகவே வைக்கலாமா?

வாசகர் கேள்வி: ஃபலனாப்சிஸ் பெல்லினா என்ற ஆர்க்கிட் செடி ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு இலை, நடுவில் ஒரு குருத்து. போர்னியோ மழைக்காட்டுச் செடி என்று படித்தேன். அங்கே ஆண்டு முழுக்க மழை. அப்படியென்றால் ஆர்க்கிட் நடப் பயன்படுத்தும் ஸ்பாக்னம் பாசியில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் விட்டுவிட்டால் போதும்தானே? வேர் அழுகிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் காட்டை யோசிக்காமல் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது.

மார்ச் 4

காட்டிலிருந்து யோசிக்கத் தொடங்கியது நல்ல வழி. ஆனால் மழையை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தை விட்டுவிட்டீர்கள்.

மழையில் சந்தேகம் இல்லை. போர்னியோவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் கூச்சிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் பெய்கிறது. மழை குறைவு என்று சொல்லப்படும் ஜூலையிலும் 200 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பகலில் 32 டிகிரி, விடியற்காலையில் 23 டிகிரி, எந்த மாதம் பார்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. பெல்லினா வளர்வது அந்தத் தாழ்நிலத்தில்தான். ஆற்றங்கரைக் காடு, சதுப்புக் காடு, மரத்தின் கீழ்ப்பகுதி, நல்ல நிழல்.

ஆனால் அது மண்ணில் இல்லை. பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மழை கொட்டும்போது தண்ணீர் வேர்மேல் வழிந்து ஓடிவிடும். மழை விட்டதும் வேரின் மேல்தோல் உலரத் தொடங்கும். அப்புறம் மறுபடி மழை. அடிக்கடி நனைகிறது, ஆனால் தேங்கிய தண்ணீரில் ஒருபோதும் கிடப்பதில்லை. இறுக்கி அடைத்த பாசியும் மூடிய தொட்டியும் சேர்ந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: வேரைச் சுற்றிக் காற்று இல்லாமல் போகிறது. ஈரத்தில் வேர் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது.

கண்ணாடித் தொட்டியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் வேரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மார்ச் 4, இரவு

வேரைப் பாருங்கள் என்றேன், எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

காய்ந்திருக்கும் நல்ல வேர் வெள்ளி நிறத்தில், லேசான பளபளப்போடு இருக்கும். அதன்மேல் ஒரே ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துளி விழுந்த இடத்தில் வெள்ளி மறைந்து பச்சை தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை வேரின் நீளத்துக்கு மெல்ல நகரும். வேருக்கு வெளியே வெலமென் என்று ஓர் உறை இருக்கிறது. செத்துப்போன வெற்றுச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்த உறை அது. செல்களுக்குள் காற்று இருக்கும்வரை வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் நிறைந்ததும் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் பச்சையத்தைக் காட்டிவிடும். தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்ல இதைவிட நல்ல கருவி கிடையாது.

பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நீர் கசிந்து, தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் போய்விட்டது. நிறம் மட்டும் மங்கியிருந்து அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பாசிக்குள் இருந்த வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறைபட்டிருப்பது சகஜம்.

மார்ச் 6

பாதி வேர் உருவிக்கொண்டு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம்தான், ஆனால் இரண்டு கெட்டியான வேர் மிஞ்சியிருந்தாலே பெல்லினா எழுந்துவிடும். இப்போது செய்ய வேண்டியது இது.

கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். வெட்டு வாய் காயட்டும் என்று அரை நாள் நிழலில் வைக்கலாம். இலவங்கப்பட்டைத் தூளை வேரில் தடவச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். வேரில் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி நல்ல வேரையும் காயவைத்துவிடும். இலையில் வெட்டிய இடத்தில் தடவுவதென்றால் சரி.

அப்புறம் சின்னத் தொட்டி. வேர் அடங்கும் அளவுதான் இருக்க வேண்டும், வளர்ந்தபின் தேவைப்படுமே என்று பெரியது எடுக்காதீர்கள். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும். ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகள், அதில் கொஞ்சம் கரி. மேலே மட்டும் பாசியை மெல்லிய படலமாக, அழுத்தாமல் பரப்புங்கள். பாசி கெட்ட பொருள் இல்லை. அதைத் திணித்து அடைப்பதுதான் கெடுதல்.

மார்ச் 7

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கேள்விக்கு நாள் கணக்கு சொல்ல மாட்டேன். வேர் வெள்ளியானதும் ஊற்றுங்கள். வெள்ளியாகி ஒரு நாளுக்குமேல் காயவிடாதீர்கள். பெல்லினாவுக்கு ஓய்வுக்காலம் கிடையாது. டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட்டில் சில வகைகளுக்குச் செய்வதுபோல் மாதக்கணக்கில் காயப்போட்டால் இலை தோல்போலச் சுருங்கிவிடும். தடித்த தண்டு இல்லாத செடி. சேமிப்பு என்று இருப்பதெல்லாம் இலையும் வேரும்தான்.

மார்ச் 15

இத்தனை நாள் வேரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பெல்லினாவைக் கொல்வதில் வேர் அழுகலுக்குச் சமமான இன்னொன்று குருத்து அழுகல். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தவிர்ப்பது மிகச் சுலபம், ஆனால் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை.

செடியை மேலிருந்து பாருங்கள். இலைகள் இரு பக்கமும் அகலமாக விரிந்து, அடியில் ஒன்றையொன்று தழுவி, நடுவில் ஒரு குழி இருக்கும். புதிய இலை அந்தக் குழிக்குள்ளிருந்துதான் வருகிறது. தொட்டியில் நேராக நட்டால் அந்தக் குழி ஒரு கிண்ணம். ஊற்றும் தண்ணீர் அதில் தங்கும். இரவு முழுக்க தங்கினால் குருத்தின் அடிப்பகுதி கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். ஃபலனாப்சிஸுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அது போனால் செடியின் முடிவு. அதிர்ஷ்டம் இருந்தால் அடியிலிருந்து பக்கக்கன்று வரும். அதை நம்பி இருக்க முடியாது.

காட்டில் இவ்வளவு மழையில் இந்தச் செடி எப்படி அழுகாமல் இருக்கிறது? பட்டையிலிருந்து பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு, நுனி கீழ்நோக்கிச் சாய்ந்து வளர்வதால். இலைகள் தொங்கும். மேலே விழும் தண்ணீர் இலை நுனிவழியாகச் சொட்டிப் போய்விடும். குழி கிண்ணமாகவே இருப்பதில்லை. நேராக நிமிர்ந்து நிற்பது நாம் அதற்குக் கொடுத்த நிலை. அது அதன் சொந்த நிலை அல்ல.

எனவே சாய்த்து நடுங்கள். தொட்டிக்குள்ளேயே செடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, குருத்துக் குழி பக்கவாட்டைப் பார்க்கும்படி வைக்கலாம். மரக்கட்டைக் கூடையைச் சுவரில் சாய்வாக மாட்டலாம். இன்னும் நல்லது பட்டைத் துண்டில் கட்டி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுவது. அப்படிக் கட்டினால் தினமும், வெயில் நாளில் இரண்டு தடவையும் நனைக்க வேண்டியிருக்கும். அந்த நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாய்ந்த தொட்டியே போதும்.

என் செடிகளைச் சாய்த்து வைக்க ஆரம்பித்த பிறகு இலைகள் தாமாகவே திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று கூரை ஓடுபோல் அடுக்கிக்கொண்டு தொங்கின. திரும்புவதற்கு ஒரு இலையின் வளர்ச்சி அளவுக்கு நேரம் எடுத்தது. அவசரப்பட்டு கம்பி வைத்துத் திருப்ப வேண்டியதில்லை.

மார்ச் 16

"என் ஃபலனாப்சிஸ் எல்லாம் நேராகத்தான் நிற்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உங்களிடம் இருப்பவை பெரிய வெள்ளை, ரோஜா நிறக் கலப்பினங்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் காற்று வறண்டிருப்பதால் குழியில் தங்கும் தண்ணீர் மாலைக்குள் ஆவியாகிவிடுகிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும் இடத்தில் அதே பழக்கம் ஆபத்து. பெல்லினாவுக்கு நாம் கொடுக்கப்போவது அந்த 80 சதவீதத்தைத்தான்.

காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். குழியில் தேங்கினால் மெல்லிய காகிதத்தின் முனையை விட்டு உறிஞ்சி எடுங்கள்.

ஏப்ரல் 2

ஈரப்பதம் பற்றிக் கேட்டீர்கள். 70 முதல் 80 சதவீதம் இருந்தால் நல்லது, 60லும் வளரும். ஆனால் எண்ணைவிட எனக்கு முக்கியம் காற்று நகர்கிறதா என்பது. இலை லேசாக அசைந்தும் அசையாமலும் இருக்கும் அளவுக்கு ஒரு சின்ன விசிறி, இரவிலும் ஓட வேண்டும்.

இரவிலும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஃபலனாப்சிஸ் இலைத்துளைகளை இரவில் திறக்கிறது. கரியமில வாயுவை இருட்டில் வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதை வெளிச்சத்தில் பயன்படுத்துகிறது. அன்னாசியும் பாலைவனக் கள்ளிகளும் பின்பற்றும் முறை இது. பகல் வெயிலில் தண்ணீரை இழக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட வழி.

இதைப் படித்த நாளில் எனக்குப் பெரிய ஆச்சரியம். 4000 மில்லிமீட்டர் மழை பெய்யும் காட்டில் ஒரு செடிக்குக் கள்ளியின் சிக்கனம் ஏன் வேண்டும்? மரப்பட்டையில் தண்ணீர் நிற்பதில்லை என்பதால்தான். இரண்டு மழைக்கு நடுவே வரும் சில மணி நேரமோ ஒரு நாளோ வேருக்கு வறட்சிதான். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் சொல்ல முடியாது. செடியின் உடம்பே காய்வதற்குத் தயாராகி வந்திருக்கிறது.

ஏப்ரல் 3

மூடிய கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்றதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆய்வகக் குடுவையிலிருந்து புதிதாக எடுத்த, கட்டைவிரல் நகம் அளவுள்ள நாற்றுகள். அவை நூறு சதவீத ஈரத்தில் வளர்ந்தவை, இலையில் மெழுகுப் படலமே சரியாக வந்திருக்காது. அவற்றை மூடியுள்ள பெட்டியில் வைத்து, சில வாரங்களில் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். உங்கள் செடி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 20

உரம்.

முதலில் தண்ணீர் ஊற்றி வேரை நனைத்துவிட்டு, அப்புறம் உரம் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் நெடுங்காலம் அதையே செய்தேன். வெலமென் எப்படி வேலை செய்கிறது என்று படித்தபின் அந்த விதியில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. காட்டில் மழை தொடங்கும்போது மரத்தண்டில் வழியும் முதல் தண்ணீர்தான் சத்துள்ளது. இலைகளிலும் கிளைகளிலும் படிந்த தூசி, பறவை எச்சம், மட்கிய துணுக்கு எல்லாம் அதில் கரைந்து வரும். பின்னால் வருவது வெறும் மழைநீர். காய்ந்த வெலமென் அந்த முதல் தண்ணீரைச் சில நொடிகளில் உறிஞ்சிக்கொள்கிறது. அதிலிருக்கும் சத்தை, பின்னால் எவ்வளவு மழை வழிந்தாலும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்படியென்றால் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி அந்த உறையை நிரப்பிவிட்டு, பிறகு உரத்தைக் கொடுப்பது தலைகீழ் வேலை. அந்த விதி வந்ததற்குக் காரணம் உரத்தைக் கெட்டியாகக் கலப்பது. கெட்டியான கரைசல் காய்ந்த வேரைக் கரித்துவிடும், அதனால் நனைக்கச் சொன்னார்கள். நீர்க்கக் கலந்தால் அந்தப் பயமே இல்லை.

என் அளவு: 20-20-20 உரம் (முதல் 20 என்பது அதிலுள்ள நைட்ரஜன் சதவீதம்) லிட்டருக்குக் கால் கிராம். அதில் நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். இதைக் காய்ந்த வேருக்கே கொடுக்கிறேன், மூன்று தடவை உரத் தண்ணீர், நான்காவது தடவை வெறும் தண்ணீர், தொட்டி கழுவிப்போகும்படி நிறைய.

மழைநீர் பிடிக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. கடின நீராக இருந்தால் பட்டைத் துண்டுகளின்மேல் வெள்ளைப் படிவு வரும், வேர் நுனிகள் கறுத்து நின்றுவிடும். அந்தப் படிவைக் கண்டால் உரத்தைக் குறைத்து என்ன பயன், தண்ணீரை மாற்றுங்கள்.

மே 11

வெளிச்சத்துக்கு எண் வேண்டும் என்கிறீர்கள். 10,000 முதல் 15,000 லக்ஸ். வெட்டவெளி நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும் என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு நிழல் என்று புரியும். கருவி இல்லாவிட்டால் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் விழ வேண்டும், ஆனால் விரல்களின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும்.

இலையின் நிறமும் சொல்லும். நல்ல வெளிச்சத்தில் இலை கொஞ்சம் வெளிறிய பச்சை. அடர்ந்த கரும்பச்சையாகவும் நீண்டும் மெலிந்தும் வந்தால் வெளிச்சம் போதவில்லை. பெல்லினா அகலமான, பளபளப்பான இலைக்காரி, அந்த இலையைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் உடனே நகர்த்துங்கள்.

மே 12

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வெளிறிய பச்சை நல்லது என்றதும் மஞ்சளாகும்வரை வெயிலில் வைத்துவிடாதீர்கள். காட்டில் இது அடிமரத்துச் செடி. வெயில் பட்டாலும் இலைகளுக்கு நடுவே நழுவி வந்து சில நிமிடத்தில் நகர்ந்துபோகும் துண்டு வெயில்தான். ஜன்னலில் நண்பகல் வெயில் நேராக விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரை அவசியம்.

ஜூன் 8

பூக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரவு வெப்பம் 16 டிகிரிக்கு இறங்கும் அறையில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தாராம், பூத்தண்டு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு.

தயவுசெய்து யாரும் பெல்லினாவுக்கு இதைச் செய்யாதீர்கள். கடைகளில் கிடைக்கும் பெரிய பூக் கலப்பினங்களில் அமாபிலிஸ், அஃப்ரொடைட் என்ற இரண்டு ஃபலனாப்சிஸ் இனங்களின் ரத்தம் ஓடுகிறது. அவற்றுக்குச் சில வாரம் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி காட்டினால் தண்டு கிளம்பும். உலகம் முழுக்க அவற்றை விற்பனைக்குப் பூக்க வைப்பதே அந்த வழியில்தான். அதனால் ஃபலனாப்சிஸ் என்றாலே குளிர்ச்சி கொடு என்று ஆகிவிட்டது. பெல்லினா வெதுவெதுப்பில் பூப்பது. ஆண்டு முழுக்க 23க்கும் 32க்கும் நடுவே இருக்கும் இடத்தில் பூக்கும் செடிக்குக் குளிர்ச்சி எப்படி அழைப்பாகும்? வெப்பமும் வெளிச்சமும் நல்ல வேரும் நாலு அகல இலையும் கொடுத்தால் பூத்தண்டு வந்துவிடும். 18 டிகிரிக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள்.

ஜூன் 8, மாலை

பூத்து முடிந்ததும் தண்டை வெட்டலாமா? வெட்டாதீர்கள்! பெல்லினாவின் தண்டு குட்டை, தட்டையாக வளைந்து வளைந்து போகும். ஒரு பூவோ இரண்டு பூவோ திறக்கும், அது வாடும் நேரத்தில் அடுத்த மொட்டு வரும். பச்சையாக இருக்கும்வரை நுனியில் மொட்டு கட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த ஆண்டும் அதே தண்டில் பூக்கும். கலப்பினங்களைப்போல ஒரே நேரத்தில் கொத்தாகப் பூக்கவில்லையே என்று ஏமாந்து வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். தண்டு தானாகப் பழுப்பாகிக் காய்ந்தபின் எடுங்கள்.

ஜூலை 1

என் செடியில் ஒரு பூ திறந்திருக்கிறது. பச்சை கலந்த வெள்ளை, கீழிரு புறவிதழ்களின் உட்பாதியில் அடர்ந்த ஊதா வழிந்து இறங்கியிருக்கிறது. திறந்த அன்று மணமே இல்லை. சில நாள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில், அறைக்குள் நுழையும்போதே தெரிந்தது. இருட்டியதும் மணம் அடங்கிவிடுகிறது.

அந்த மணத்தில் முக்கியமானவை ஜெரானியால், லினலூல் என்ற இரண்டு பொருள்கள். ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது, அதனால்தான் முகர்ந்தவுடன் தெரிந்த வாசனையாகப் படுகிறது. மணமற்ற பெரிய கலப்பினங்களுக்கு வாசனை ஏற்ற இந்தச் செடியைத்தான் கலப்புக்கு நாடுகிறார்கள். தைவானில் இதன் மண மரபணுக்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஜூலை 3

ஃபலனாப்சிஸ் வயலேசியாவும் பெல்லினாவும் ஒன்றா என்ற கேள்விக்கு: நெடுங்காலம் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். வயலேசியாவை 1861இல் விட்டே விவரித்தார், சுமத்ராவிலிருந்து வந்த செடி. 1884இல் ரைக்கன்பாக் போர்னியோ செடியை அதன் ஒரு வகை என்று எழுதினார். 1995இல்தான் கிறிஸ்டென்சன் அதைத் தனி இனமாகப் பிரித்தார். பூவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வயலேசியா விண்மீன்போல ஒல்லி இதழ், ஏறக்குறைய முழுக்க ஒரே ஊதா. பெல்லினா அகல இதழ், வெள்ளைப் பச்சையில் ஊதா. மணமும் வேறு, வயலேசியாவில் இலவங்கப்பட்டை, மசாலா வாடை. பூ இல்லாத சின்னச் செடியில் பிரித்துச் சொல்வது கடினம், பெல்லினாவின் இலை பொதுவாக அகலம்.

வளர்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே பெயர்ச்சீட்டில் தப்பிருந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது.

ஆகஸ்ட் 17

விலை மலிவாக, பெரிய செடியாக, வேர் வெட்டப்பட்டு யாராவது விற்றால் வாங்காதீர்கள். இதைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனம் இல்லை.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை அடையாளம் காணலாம். இலைகளில் பூச்சி தின்ற பழைய தழும்பு, படிந்த பாசி, வேரெல்லாம் ஒரே இடத்தில் மொட்டையாக நறுக்கப்பட்டிருப்பது, சில வேரில் பட்டைச் சிம்பு இன்னும் ஒட்டியிருப்பது, ஒரே குவியலில் செடிக்குச் செடி அளவு தாறுமாறாக இருப்பது. நாற்றுப்பண்ணைச் செடிகள் ஒரே வயதாக, சுத்தமான இலையோடு, தொட்டி வடிவத்துக்குச் சுற்றிய வேரோடு வரும்.

ஆர்க்கிட்கள் எல்லாம் சைட்ஸ் என்ற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன, ஃபலனாப்சிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சான்று வேண்டும். கிருமி நீக்கிய குடுவைக்குள் விதையிலிருந்தோ திசுவிலிருந்தோ வளர்த்த நாற்றுகளுக்கு அந்தப் பட்டியலில் விலக்கு உண்டு, அதனால் பல வளர்ப்பவர்கள் குடுவையாகவே வாங்குகிறார்கள்.

பெல்லினா குடுவையில் நன்றாக முளைக்கிறது, மூன்று நான்கு ஆண்டில் பூத்தும் விடுகிறது. காட்டுச் செடியைப் பிடுங்க எந்த நியாயமும் இல்லை. சரவாக்கின் கரிச்சதுப்புக் காடுகளில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் எண்ணெய்ப்பனைத் தோட்டமாகிவிட்டது. சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்தால் மரம் போகும், மரத்தோடு அதில் ஒட்டியிருக்கும் எல்லாமும் போகும். மிஞ்சியிருப்பதையும் பிடுங்கி விற்பது எனக்குக் கோபம் வரவைக்கும் காரியம்.

அக்டோபர் 25

"இலையின் மேல்பக்கம் குழிகுழியாகப் பள்ளம் விழுந்து மஞ்சளாகி, அப்புறம் கறுக்கிறது. பூச்சி எதுவும் இல்லை" என்று ஜூனில் குளிர்ச்சி கொடுத்துப் பார்த்தவர் எழுதியிருக்கிறார்.

படத்தைப் பார்த்தேன். பூஞ்சை மாதிரி தெரியவில்லை. ஃபலனாப்சிஸ் இலைக்குள் இருக்கும் செல்கள் குளிரில் சரிந்துபோவதால் வரும் பள்ளம் இது. குளிர் பட்ட அன்றே தெரியாது. வாரக்கணக்கில் கழித்துத்தான் மேலே வரும், அதனால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பலர் மருந்து தெளித்துக்கொண்டிருப்பார்கள். அண்மையில் மறுபடி அறை குளிர்ந்ததா, அல்லது குளிர்ந்த தண்ணீரை இலைமேல் ஊற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். பள்ளம் விழுந்த இலை பழையபடி ஆகாது, ஆனால் பச்சை மிஞ்சியிருக்கும்வரை வெட்ட வேண்டாம். புது இலை சுத்தமாக வரும்.

அக்டோபர் 26

வேறொருவர் இதே மாதிரி என்று அனுப்பிய படம் இதே மாதிரி இல்லை. அவருடையது தண்ணீர் கோத்ததுபோல ஊடுருவித் தெரியும் புள்ளி, ஓரத்தில் மஞ்சள் வளையம், நேற்றைவிட இன்று பெரியது. அது பாக்டீரியாப் பழுப்புப் புள்ளி, வெப்பமும் ஈரமும் தேக்கமும் சேரும்போது வருவது. நிதானிக்க நேரம் இல்லை. புள்ளியிலிருந்து தள்ளி, நல்ல பச்சையில் வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைச் சுடுங்கள். செடியைத் தனியே வைத்து, இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, விசிறியைக் கூட்டுங்கள். புள்ளி குருத்தைத் தொட்டுவிட்டால் காப்பாற்றுவது அரிது.

ஜனவரி 9

முதல் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். நான்கு இலை, சாய்ந்த தொட்டி, துளைவழியே வெளியே வந்த இரண்டு வேர், நுனியில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று பச்சை. அந்த வேர்களைத் தொட்டிக்குள் தள்ள முயலாதீர்கள், முறிந்துவிடும். வெளியே காற்றில் இருப்பது அவற்றுக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 22

பூ வாடாமல் பச்சையாக மாறிக்கொண்டிருக்கிறது, நோயா என்று கேட்டவருக்கு: நோய் இல்லை, பூ சூல் கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பூச்சியோ உங்கள் கையோ மகரந்தக் கட்டியை இடம் மாற்றியிருக்க வேண்டும். கருவுற்ற பெல்லினாப் பூவின் இதழ்கள் உதிராமல் தடித்து, பச்சையம் பிடித்து, பின்னால் இருக்கும் காய்க்குக் கொஞ்சம் உணவும் தயாரிக்கும். காய் முற்ற மாதங்கள் ஆகும். செடி சின்னது, மூன்று இலைக்குக் குறைவு என்றால் காயை எடுத்துவிடுங்கள், அது செடியை உறிஞ்சிவிடும்.

விட்டுவைத்தால் விதையை மண்ணில் தூவிப் பயன் இல்லை. தூசி போன்ற விதை, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அதை 1899இல் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் நட்சன் காட்டினார், இன்றைய குடுவை நாற்றுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. விதை போட்டுக் கொடுக்கும் ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் காய் வெடிப்பதற்கு முன்பே, பச்சைக் காயாகவே கொண்டு போங்கள். வெடித்த காயின் விதையில் கிருமி ஏறிவிடும், சுத்தம் செய்வது பெரும்பாடு. மகரந்தம் வைத்த தேதியை ஒரு சீட்டில் எழுதித் தண்டில் கட்டி வையுங்கள், ஆய்வகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.